பார்வை போகும் இடமும் நிறம் தெரியும் விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்பத் திரையில் நிறத்தை மாற்றும் சிறு நிரல்களைச் சில வருடங்களாக எழுதிப் பார்த்து வருகிறேன். அவற்றின் முன் உட்காருகிறவர்கள் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்கள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பொறுமையாக இங்கே எழுதியிருக்கிறேன்.

ஐ டிராக்கிங்னா என்ன? கேமரா என் கண்ணைப் படம் பிடிக்குதா?

ஆமாம், கேமராதான். கூடவே சில அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் இருக்கும். அந்த ஒளி நமக்குத் தெரியாது. ஆனால் கருவிழியின் மேல் ஒரு சிறு மினுக்குப் புள்ளியாக விழும். கண்ணை உருட்டும்போது பாவையின் (கண்ணின் நடுவே ஒளி உள்ளே போகும் கரிய துளை) நடுப்புள்ளி நகரும், மினுக்கு அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும் திசையையும் வைத்து, திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்று கணக்கிடுகிறார்கள். தொடங்கும் முன் சில புள்ளிகளை வரிசையாகப் பார்க்கச் சொல்வது, இந்தக் கணக்கை உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளத்தான்.

நல்ல கருவியில் பிழை அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை இருக்கும். 57 செ.மீ. தள்ளியிருக்கும் திரையில் ஒரு டிகிரி என்பது 1 செ.மீ. இதை நினைவில் வையுங்கள், பின்னாலும் தேவைப்படும்.

நான் எங்க பார்க்கிறேன்னு திரைக்குத் தெரிஞ்சா என்ன? நிறத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. விழித்திரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிறத்தை வாங்குவதில்லை. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம் கிட்டத்தட்ட 2 டிகிரி. விழித்திரையின் நடுவே ஃபோவியா என்று ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதே, அது பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மிக நெருக்கமாக அடைந்திருப்பது அங்கேதான். அதைத் தாண்டினால் அவை சட்டென்று அரிதாகிவிடும்.

பள்ளியில் மஞ்சள் புள்ளி என்று படித்திருப்போம். அங்கே உண்மையாகவே ஒரு மஞ்சள் நிறமி இருக்கிறது. 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியில் ஒரு பங்கை அது வடிகட்டிவிடும். ஆகவே ஒரே வெள்ளையை நேராகப் பார்க்கும்போதும் சற்றுத் தள்ளிப் பார்க்கும்போதும் கூம்புகளுக்குப் போய்ச் சேரும் நீலம் வேறுவேறு. நிற அளவீட்டுக்கான சிஐஇ அமைப்பு 1931இல் 2 டிகிரி அகலப் பார்வைக்கு ஒரு அட்டவணையும், 1964இல் 10 டிகிரிக்கு இன்னொன்றும் வெளியிட்டது. இரண்டு தேவைப்பட்டதற்கு இந்த நிறமியும் ஒரு முக்கியமான காரணம். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறொன்று: ஃபோவியாவின் நட்டநடுவில், மூன்றில் ஒரு டிகிரி அகலத்துக்கு, நீலத்துக்கான கூம்புகளே கிடையாது. நாம் மிகக் கூர்மையாகப் பார்க்கும் இடத்திலேயே ஒரு நிற உணர்வு இல்லை! மூளை இந்த மேடுபள்ளங்களை எல்லாம் மெழுகிச் சமன் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பார்வையின் இடம் திரைக்குத் தெரிந்தால், எந்த மேடு எந்தப் பள்ளம் திரையின் எந்தப் பகுதிக்கு நேராக இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பார்வையோட ஓரத்துல எல்லாமே கறுப்பு வெள்ளைதானாமே?

இல்லை. இந்தத் தவறு எப்படியோ பரவிவிட்டது. ஓரத்தில் நிறம் தெரியும், ஆனால் பொருள் பெரிதாக இருக்க வேண்டும். 2009இல் ஹான்சன், பிரசேயஸ், கெகன்ஃபுர்ட்னர் ஆகியோர் செய்த ஆய்வில், நிறத்திட்டுகள் போதிய அளவு பெரிதாக இருந்தபோது மையத்திலிருந்து 50 டிகிரி தள்ளியும் நிறம் உணரப்பட்டது. ஓரத்துக்குப் போகப்போகச் சிவப்பு-பச்சை வேறுபாடு வேகமாகத் தேயும். நீலம்-மஞ்சள் வேறுபாடு மெதுவாகத் தேயும். ஓரத்து நிறத்தில் கைவைக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அப்போ ஓரத்து நிறத்தை எடுத்துட்டா எனக்குத் தெரிஞ்சுடுமா, தெரியாதா?

தெரியக்கூடியது. ஆனால் பலர் கவனிக்க மாட்டார்கள். 'தெரியும்' வேறு, 'கவனிப்போம்' வேறு. 2020இல் மைக்கேல் கோஹனும் சக ஆய்வாளர்களும் விஆர் ஹெட்செட்டில் (தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் திரை) ஐ டிராக்கர் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நிஜ உலகக் காட்சிகளுக்குள் இயல்பாக அங்கும் இங்கும் பார்க்கவிட்டு, பார்க்கும் இடத்தைச் சுற்றி மட்டும் நிறத்தை விட்டுவைத்தார்கள். அந்த வட்டம் பார்வையோடு சேர்ந்தே நகரும். காட்சியில் 5 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில் மட்டுமே நிறம் இருந்தபோதும், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் எதையும் கவனிக்கவில்லை.

நிறம் மறைகிறதா என்று தேடச் சொன்னால் நிலைமை மாறும். அப்போது முன்னதாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் எழுதிய நிரலில் பார்த்ததும் அதேதான். முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி உட்கார வைத்தவர் உடனே பிடித்துவிடுவார். சொல்லாமல் உட்கார வைத்தவர் படத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இதனால யாருக்கு என்ன லாபம்?

இப்போதைக்கு மிகத் தெளிவான லாபம் மின்சாரம். ஓஎல்இடி திரையில் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) ஒவ்வொரு நிறத்துக்கும் ஆகும் மின்சாரம் வேறு. நியூயார்க் பல்கலைக்கழகம், ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2022இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். பார்க்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கும் பிக்சல்களின் நிறத்தை, பார்ப்பவருக்குத் தெரியாத அளவுக்குள், மின்சாரம் குறைவாகக் குடிக்கும் பக்கமாகத் தள்ளுவது அது. திரையின் மின் செலவில் 24 சதவீதம் வரை மிச்சமானதாகக் காட்டினார்கள். தலையில் பேட்டரியோடு மாட்டிக்கொள்ளும் கருவிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான் கண்ணை டக்குனு திருப்பினா மாட்டிக்காதா?

நல்ல கேள்வி. கண் வினாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. கேமரா படம் எடுத்து, கணக்கிட்டு, புது நிறத்தைத் திரைக்கு அனுப்புவதற்குள் கண் புது இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஓரத்து விவரத்தைக் குறைக்கும் முறைகளில் 50, 60 மில்லிசெகண்ட் தாமதம் வரை பெரும்பாலோர் உணர்வதில்லை. அதற்கு மேல் போனால் மாற்றம் நடப்பதே கண்ணில் படத் தொடங்கும்.

'தாவும் நேரத்தில் கண் குருடாகிவிடும், அப்போது எதை மாற்றினாலும் தெரியாது' என்று சிலர் நம்புகிறார்கள். அது அரை உண்மை. 1994இல் பர், மோரோன், ராஸ் ஆகியோர் காட்டியபடி, தாவலின்போது அடக்கப்படுவது முக்கியமாக வெளிச்ச வேறுபாட்டின் உணர்வு. வெளிச்சம் சமமாக இருந்து நிறம் மட்டும் வேறுபடும் வடிவங்கள் அப்படி அடக்கப்படுவதில்லை. நிற மாற்றத்தைத் தாவலுக்குள் ஒளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

திரையில எதையுமே மாத்தாம, நான் பார்க்கிற இடத்தை மட்டும் மாத்தி நிறத்தை வேற மாதிரி தெரிய வைக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகப் பிடித்த சோதனையே இதுதான். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோஸ்கானி, வல்செக்கி, கெகன்ஃபுர்ட்னர் 2013இல் செய்தது. ஒரு பொருளின் மேல் வெளிச்சம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழுகிறது. அந்தப் பொருள் எவ்வளவு வெளிர்ப்பானது என்று கேட்டால், மக்கள் தாமாகவே பிரகாசமான பகுதியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஐ டிராக்கர் உதவியோடு குறிப்பிட்ட இடத்தை மட்டுமே பார்க்கக் கட்டாயப்படுத்தியபோது, பிரகாசமான இடத்தைப் பார்த்தவர்கள் அதே பொருளை இன்னும் வெளிர்ப்பாகச் சொன்னார்கள். பொருளிலோ திரையிலோ மாற்றம் எதுவும் இல்லை. பார்வை நின்ற இடம் மட்டுமே மாறியது.

பார்த்த வரலாறும் சேர்ந்துகொள்ளும். அடர் சிவப்பை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைக்குத் தாவினால் பச்சை கலந்த நீலத்தில் ஒரு பின்பிம்பம் மிதக்கும். சாதாரணமாகப் பார்க்கும்போதும் இதுவே மெலிதாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரே இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தா சுத்தியிருக்கிற நிறம் மங்கிப் போகுதே, என் கண்ணு கெட்டுப்போச்சா?

இல்லை, பயப்பட வேண்டாம். 1804இல் டிராக்ஸ்லர் என்பவர் விவரித்தது இது, எல்லோருக்கும் நடக்கும். மாறாத தூண்டலைக் கண் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். நாம் அசையாமல் பார்ப்பதாக நினைக்கும்போதும் கண் லேசாக நடுங்கிக்கொண்டே இருப்பதால்தான் நடுவில் இருப்பது மறைவதில்லை. கண் நடுங்கும் அதே அளவு படத்தையும் நகர்த்தி, விழித்திரையின் மேல் படத்தை அசையாமல் நிறுத்திவிட்டால், நடுவில் இருப்பதும் சில வினாடிகளில் மங்கிவிடும். 1950களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

சிவப்பும் பச்சையும் ஒரே நேரத்துல கலந்த ஒரு நிறத்தை ஐ டிராக்கர் வெச்சுப் பார்க்கலாம்னு சொல்றாங்களே?

முன் பதிலில் சொன்ன அசையாத படம்தான் இதற்கு அடிப்படை. 1983இல் ஹியூவிட் கிரேன், தாமஸ் பியான்டனிடா இருவரும் சிவப்புப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் ஒட்டி வைத்து, நடு எல்லைக் கோட்டை மட்டும் மிகத் துல்லியமான ஐ டிராக்கரால் விழித்திரையில் நிலைநிறுத்தினார்கள். எல்லை மறைந்ததும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று பரவின. சிலர், வாழ்க்கையில் பார்த்தே இராத ஒரு 'சிவந்த பச்சை'யைக் கண்டதாகச் சொன்னார்கள்.

இதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2001இல் பில்லாக்கும் குழுவினரும் இரு பக்கத்துப் பிரகாசத்தையும் சமமாக்கி, அதேபோன்ற நிறங்கள் தெரிவதாகச் சொன்னார்கள். 2006இல் ஷியே, ட்சே இருவரும் வேறு வழியில் சோதித்து, தெரிவது வழக்கமான கலவை நிறந்தான், விலக்கப்பட்ட புது நிறம் அல்ல என்றார்கள். இரண்டு பக்கமும் படித்தபின் என் கருத்து: எல்லையை மறைத்தால் நிறம் பரவும் என்பது உறுதி, பரவியபின் தெரிவதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் சண்டை.

'ஓலோ'ன்னு புது நிறம் கண்டுபிடிச்சாங்களாமே, அதை என் போன்ல பார்க்க முடியுமா?

போனில் முடியாது. 2025 ஏப்ரலில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து ரென் இங், ஆஸ்டின் ரூர்டா உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இது. பச்சைக்கான கூம்புகளை மட்டும் தனியாகத் தூண்ட எந்த இயற்கை ஒளியாலும் இயலாது. மூன்று வகைக் கூம்புகளின் உணர்திறன்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதுதான் காரணம். எந்த அலைநீளம் பச்சைக் கூம்பைத் தொட்டாலும் பக்கத்தில் இன்னொன்றையும் தொடும். இவர்கள் ஒவ்வொருவரின் விழித்திரையிலும் எந்தச் செல் எந்த வகை என்று முதலில் வரைபடம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் கண்ணின் ஒவ்வொரு நடுக்கத்தையும் பின்தொடர்ந்தபடி, நுண்ணிய லேசர் துளிகளை அந்தப் பச்சைக் கூம்புகளின் மேல் மட்டும் போட்டார்கள். பார்த்தவர்கள் மொத்தம் 5 பேர். சாதாரண ஒளியால் எட்ட முடியாத அளவுக்குச் செறிந்த நீலப்பச்சை என்று விவரித்தார்கள். வெள்ளையைக் கலந்து மட்டுப்படுத்திய பிறகே வழக்கமான நிறம் எதனோடும் அதைப் பொருத்த முடிந்தது.

இதில் ஐ டிராக்கிங்கின் பங்கு எவ்வளவு என்பதற்கு அவர்களே சான்று வைத்திருக்கிறார்கள். லேசர் துளிகளின் குறியை வேண்டுமென்றே கலைத்துவிட்டபோது ஓலோ காணாமல் போய், லேசரின் சொந்தப் பச்சைதான் தெரிந்தது. ஆக, அரை டிகிரி பிழை உள்ள நம் மேசைக் கருவிகளுக்கு இந்த வேலை கைக்கு எட்டாதது. ஒரு கூம்பு செல்லின் அகலம் ஒரு டிகிரியில் மிக மிகச் சிறிய பங்கு.

பழக்கினா, இடப்பக்கம் பார்த்தா ஒரு நிறம், வலப்பக்கம் பார்த்தா ஒரு நிறம்னு ஆக்க முடியுமாமே?

ஓரளவுக்கு முடியும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஐவோ கோலர், ஒரு பாதி நீலமும் மறு பாதி மஞ்சளுமான கண்ணாடியை நாள்கணக்கில் போட்டுக்கொள்ள வைத்தார். பார்க்கும் திசைக்கேற்ப நிறத்தை ஈடுகட்டப் போட்டுக்கொண்டவர்களின் பார்வை பழகிவிட்டதாகப் பதிவு செய்தார். 2006இல் பொம்பாஸ், ஓரீகன் இருவரும் இதைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு திசையில் கண் நகர்ந்தால் ஒரு நிறம், மறு திசையில் வேறு நிறம் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பழக்கினார்கள். அதன்பின் ஒரே நிறத்திட்டு, கண் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதைப் பொறுத்துச் சற்றே வேறாகத் தெரிந்தது. மாற்றம் சிறியது, ஆனால் நிறம் விழித்திரையோடு முடியும் விஷயம் அல்ல, கண்ணின் அசைவும் அதில் சேர்த்தி என்பதை எனக்குப் புரியவைத்த ஆய்வு இது.

அறை வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி என் போன் திரையோட நிறம் மாறுதே, அதுவும் இதுதானா?

இல்லை. அது அறை ஒளியை அளக்கும் உணரி செய்யும் வேலை. நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

லேப்டாப் வெப்கேம் போதுமா, தனிக் கருவி வாங்கணுமா?

விளையாடிப் பார்க்க வெப்கேம் போதும். ஆனால் அதில் அகச்சிவப்பு மினுக்கு இல்லை, பிழை சில டிகிரிகளுக்குப் போய்விடும். முதல் பதிலில் சொன்ன கணக்குப்படி அது திரையில் சில சென்டிமீட்டர். திரையின் எந்தக் கால்பகுதியைப் பார்க்கிறார் என்று அறிய உதவும். ஃபோவியாவைச் சுற்றி வட்டம் போட உதவாது. ஆப்பிள் விஷன் புரோ, பிளேஸ்டேஷன் விஆர் 2 போன்ற ஹெட்செட்டுகளில் கண்ணுக்கு அருகிலேயே உணரிகள் இருப்பதால் இந்த வேலைகளுக்கு அவையே பொருத்தம்.

நிறக்குருடு இருக்கிறவங்களுக்கு இது உதவுமா?

இல்லாத கூம்பைத் திரை கொடுக்க முடியாது. உதவி வேறு விதத்தில் வரலாம். முழுத் திரைக்கும் நிறத்தைத் திருப்பிப் போட்டால் படம் அலங்கோலமாகிவிடும் என்று பலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். பார்க்கும் இடத்தில் மட்டும், அவர் பிரித்தறிய முடியாத இரண்டு நிறங்களை விலக்கிக் காட்டினால் மீதிப் படம் படைப்பாளி நினைத்தபடியே இருக்கும். இந்தத் திசையில் இன்னும் அதிகம் பேர் உழைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எனக்கே தெரியாம என் பார்வையை நிறத்தால இழுத்துட்டுப் போக முடியுமா?

முடியும், கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். 2009இல் பெய்லியும் சக ஆய்வாளர்களும் ஒரு முறையைக் காட்டினார்கள். பார்வையின் ஓரத்தில் ஒரு சிறு பகுதியின் பிரகாசத்தையோ, குளிர்ந்த-வெதுவெதுப்பான சாயலையோ மெல்ல மாற்றி மாற்றிக் காட்டுவது. கண் அங்கே கிளம்பியதும் மாற்றம் நிறுத்தப்படும். கண் போய்ச் சேரும்போது அங்கே எதுவும் இருக்காது. எக்ஸ்ரே படத்தில் கவனிக்க வேண்டிய இடத்தை மாணவருக்குக் காட்ட இது அருமையான வழி. விளம்பரத்தில் சொல்லாமல் செய்தால் அது ஏமாற்று. நான் அப்படித்தான் பார்க்கிறேன். எங்கே பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பது மனதில் ஓடுவதை நிறையவே காட்டிக்கொடுக்கும். அந்தத் தரவு கருவியை விட்டு வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள்.

கண்ணுக்குக் கெடுதல் உண்டா?

அகச்சிவப்பு ஒளிக்குப் பாதுகாப்பு வரம்புகள் உண்டு. அவற்றுக்கு உட்பட்டுச் செய்யப்பட்ட கருவியால் பிரச்சினை இல்லை. எல்இடியை நீங்களே வாங்கி ஒட்டிச் செய்வதாக இருந்தால் அளக்காமல் கண்ணெதிரே வைக்காதீர்கள். கண் கூசாது என்பதால் அளவு மிஞ்சியது தெரியவே தெரியாது. இன்னொன்று: நிறம் வேகமாக மாறி மாறிப் பளிச்சிட்டால், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது இணைய அணுகல் விதிகளில் உள்ள வரம்பு. அடர் சிவப்பில் இன்னும் கவனம் தேவை.

பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

கண்றாவியாகத் தெரியும். அவர் பார்வை வேறு இடத்தில் இருக்கிறது, உங்கள் பார்வைக்காக ஓடும் நிற வட்டம் அவர் ஃபோவியாவில் அப்பட்டமாக விழும். இந்த முறைகள் ஒரு திரைக்கு ஒரு ஜோடிக் கண் என்ற நிலையில்தான் வேலை செய்யும். ஹெட்செட்டில் இது முதலில் வேரூன்றியதற்குக் காரணம் அதுவே.

எனக்கு வித்தியாசம் தெரியுதுன்னு நான் சொல்றேன். அது நிஜமா, என் நினைப்பா?

சொல்லை வைத்து முடிவு செய்யக் கூடாது. மாற்றிய படம், மாற்றாத படம் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, எது மாற்றியது என்று கட்டாயம் ஒன்றைச் சொல்ல வையுங்கள். வரிசையை நிரல் தீர்மானிக்கட்டும். பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் தெரியக் கூடாது. நூறு தடவையில் ஐம்பதை ஒட்டிச் சரியாக வந்தால் அது வெறும் ஊகம். எழுபத்தைந்தைத் தாண்டினால் உண்மையாகவே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் உங்கள் திரை எவ்வளவு தாமதிக்கிறது என்று அளந்துவிடுங்கள். வினாடிக்கு 240 படம் எடுக்கும் போன் கேமராவில் கண்ணையும் திரையையும் ஒன்றாகப் பிடித்து, கண் நகர்ந்ததற்கும் நிறம் மாறியதற்கும் நடுவே எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம். என் முதல் நிரலில் முப்பதுக்கும் மேல் வந்தது. அதுவரை எல்லோரும் நிறம் மாறுவதைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் குறித்து வைத்திருந்தேன். அவர்கள் கண்டது தாமதத்தை. அந்தக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, தாமதத்தை முதலில் குறைத்து, எல்லோரையும் மறுபடி உட்கார வைத்தேன்.